தெருவில் நின்று எண்ணிய வரி: இங்கிலாந்தின் ஜன்னல் வரி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1696இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு வந்த தலைவலி வெள்ளிக்காசு. பழைய காசுகள் கையால் அடித்தவை, விளிம்பு ஒழுங்காக இருக்காது. ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி வைத்துக்கொண்டு, மீதியை முழு மதிப்புக்கே தள்ளிவிடலாம். பல தலைமுறையாக ஆளாளுக்கு நறுக்கியதில், புழக்கத்தில் இருந்த காசுகளில் பலவும் பாதி எடைக்கு வந்திருந்தன. அதே நேரத்தில் பிரான்ஸுடன் போர் வேறு. கடல் தாண்டி நின்ற படைக்குப் பணம் போயாக வேண்டும், அங்கே காசை எடைபோட்டுத்தான் வாங்குவார்கள். பழைய காசையெல்லாம் திரும்ப எடுத்து உருக்கி, இயந்திரத்தில் அடித்த புதுக்காசு வெளியிடுவது என்று அரசு முடிவு செய்தது. ஐசக் நியூட்டன் நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்ததும் இந்த ஆண்டில்தான். எடை குறைந்த காசை முகமதிப்புக்கே எடுத்துக்கொண்டால், குறையும் வெள்ளியின் விலையை யாராவது கட்ட வேண்டும். அதற்குப் பிறந்ததுதான் ஜன்னல் வரி. ஏழு ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். 1851 வரை, 155 ஆண்டு இருந்தது.

ஜன்னல் வரி என்றாலே சிரிப்பு வருகிறது. வெளிச்சத்துக்கு வரி போட்ட கோமாளி அரசு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தில், கையில் இருந்த தகவலை வைத்துக்கொண்டு, அது புத்திசாலித்தனமான யோசனை. அது எங்கே கெட்டது, கெட்டது தெரிந்தும் ஏன் இத்தனை காலம் ஓடியது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. ஓர் அரசு எதன்மேல் வரி போடுகிறது என்பதை முதலில் தீர்மானிப்பது நியாய உணர்வு அல்ல, எங்கே நின்றால் எண்ண முடியும் என்ற கேள்விதான். நியாயம் பேச்சுக்கு வருவது அதற்கு அப்புறம்.

நம்பத்தகுந்த நாணயம் ஒரு பொதுப்பண்டம். எடை சரியான காசு புழங்கினால் அதனால் எல்லோருக்கும் லாபம். ‘நான் செலவில் பங்கு தரவில்லை’ என்று ஒருவர் சொன்னாலும் அவரை மட்டும் அந்த லாபத்திலிருந்து விலக்கி வைக்க முடியாது. கடற்படையும் அப்படித்தான். ஆகவே விரும்பியவர் கொடுக்கட்டும் என்று உண்டியல் வைத்தால் நிரம்பாது, கட்டாயம் வேண்டும். கலங்கரை விளக்கம் இந்த வகைக்குப் பாடப்புத்தகங்கள் காட்டும் உதாரணம். ஆனால் அதற்கும் இங்கிலாந்தில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நடுக்கடலில் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பும் கப்பலிடம் கட்டணம் கேட்க முடியாது, அது துறைமுகத்துக்கு வரும்போது கேட்கலாம். கப்பலின் கொள்ளளவைப் பார்த்து விளக்குக் கட்டணம் அங்கே வசூலானது. பயன் எங்கோ கிடைக்க, கணக்கு வேறோர் இடத்தில் நடக்கிறது. வரிவிதிப்பில் பாதி வேலை அந்த வேறோர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

1696இல் கையில் இருந்த வழிகள்

வருமானத்துக்கு வரி போடலாமே என்று இன்று யாரும் கேட்பார்கள். அன்று சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு எதுவும் அரசுக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தானே முன்வந்து சொன்னால்தான் உண்டு. யார் சொல்வார்கள்? சொல்லவைக்கக் கணக்குப் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், அதற்கு எந்த நாடாளுமன்றமும் ஒப்பாது.

நிலவரி ஏற்கெனவே இருந்தது. போர்க்காலத்தில் பவுண்டுக்கு 4 ஷில்லிங், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஏற்றலாம்தான், ஆனால் வாக்களிக்க உட்கார்ந்திருந்தவர்களே நிலக்கிழார்கள். தலைக்கு இவ்வளவு என்ற தலைவரியையும் அந்தப் பத்தாண்டில் பலமுறை போட்டுப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பணம் வரவில்லை. உப்பு, பத்திரங்களுக்கான முத்திரை என்று 1694இல் இரண்டு வரிகள் வந்தன. 1695இல் பிறப்பு, திருமணம், இறப்புக்கு வரி. 25 வயது தாண்டியும் மணமாகாத ஆணுக்கு ஆண்டுதோறும் தனியாக ஒரு வரி. இதைப் பகடி என்று நினைக்க வேண்டாம். தேவாலயப் பதிவேட்டில் இவையெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டு வந்தன, எழுதியிருப்பதை எண்ணுவது சுலபம் என்பதுதான் காரணம்.

வீட்டைப் பார்த்து வரி போடுவதில் இங்கிலாந்துக்கு ஒரு கசப்பான முன் அனுபவமும் இருந்தது. 1662இல் அடுப்பு வரி வந்தது. வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கணப்படுப்புக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங். பெரிய வீடென்றால் நிறைய அடுப்பு, சின்ன வீடென்றால் ஒன்றிரண்டு, எனவே வசதிக்கேற்ற வரி என்று கணக்கு. எண்ண வேண்டுமானால் வரிக்காரர் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வோர் அறையாகப் பார்க்க வேண்டும். ஜனங்கள் பணத்தைவிட இந்த நுழைவைத்தான் வெறுத்தார்கள். அந்நியன் நினைத்த நேரத்தில் எவர் வீட்டையும் சோதனை போடலாம் என்பது மக்கள் அனைவர்மீதும் குத்திய அடிமை முத்திரை என்று 1689இல் அந்த வரியை ஒழித்த சட்டமே எழுதியது.

ஆக, அடுப்பைப் போலவே வசதியைக் காட்டக்கூடிய, ஆனால் வாசலைத் தாண்டாமல் எண்ணக்கூடிய ஒன்று வேண்டும். ஜன்னல் அப்படி இருந்தது. தெருவில் நின்று எண்ணலாம். ஒளித்துவைக்க முடியாது. சர்ச்சை வந்தால் இருவரும் வெளியே வந்து மறுபடி எண்ணிக்கொள்ளலாம்.

முதல் சட்டம் எளிமையானது. எல்லா வீட்டுக்கும் 2 ஷில்லிங். பத்து முதல் பத்தொன்பது ஜன்னல் இருந்தால் கூடுதலாக 4, இருபதும் அதற்கு மேலும் இருந்தால் கூடுதலாக 8. தேவாலய வரி, ஏழைகள் நிவாரண வரி கட்ட வசதியில்லாதவர்களுக்கு விலக்கு. கட்ட வேண்டியவர் வீட்டின் சொந்தக்காரர் அல்ல, குடியிருப்பவர்.

பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் ‘நாடுகளின் செல்வம்’ நூலில் நல்ல வரிக்கு நான்கு இலக்கணம் சொன்னார்: சக்திக்கேற்ப இருக்க வேண்டும், எவ்வளவு என்பதில் குழப்பம் கூடாது, கட்ட வசதியான நேரத்தில் கேட்க வேண்டும், வசூல் செலவு குறைவாக இருக்க வேண்டும். ஜன்னல் வரி பின்னால் வரும் மூன்றிலும் மோசமில்லை. முதலாவதில்தான் அடி. ஸ்மித் காட்டிய உதாரணம் கச்சிதமானது. சிற்றூரில் ஆண்டுக்கு 10 பவுண்ட் வாடகை பெறும் வீட்டுக்கு, லண்டனில் 500 பவுண்ட் வாடகை பெறும் வீட்டைவிட அதிக ஜன்னல் இருக்கலாம். சிற்றூர்க்காரர் ஏழை, கட்டும் வரியோ அதிகம். நமக்கு அளக்க வேண்டியது வசதி, அளந்ததோ சுவரில் உள்ள ஓட்டை. இரண்டும் சேர்ந்தே போகும் என்று நம்பியது ஓரளவுக்கு உண்மை, முழுக்க அல்ல.

1747: பத்தாவது ஜன்னல்

1747இல் விகிதங்களை மாற்றினார்கள். இந்த ஆய்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான், ஏனென்றால் ஜன்னல் வரியின் கெட்ட பெயரில் பெரும்பங்கு ஜன்னலால் வந்தது அல்ல, இந்த அட்டவணையால் வந்தது.

வீட்டுக்கு 2 ஷில்லிங் அப்படியே நின்றது. அதற்கு மேல், 10 முதல் 14 ஜன்னல் வரை இருந்தால் ஜன்னலுக்கு 6 பென்ஸ், 15 முதல் 19 வரை இருந்தால் 9 பென்ஸ், 20ம் அதற்கு மேலும் என்றால் 1 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கவனிக்க வேண்டியது, எல்லையைத் தாண்டியதும் தாண்டிய ஜன்னலுக்கு மட்டும் அல்ல, வீட்டில் உள்ள எல்லா ஜன்னலுக்கும் புது விகிதம் பாயும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 ஜன்னல் உள்ள வீடு 2 ஷில்லிங் கட்டும். பத்தாவது ஜன்னல் வைத்ததும் பத்துக்கும் தலா 6 பென்ஸ், அதாவது 5 ஷில்லிங் கூடி மொத்தம் 7 ஷில்லிங். பதினொன்றாவது வைத்தால் வெறும் 6 பென்ஸ்தான் கூடும். 14 ஜன்னலுக்கு, வீட்டுக்கான 2 ஷில்லிங் போக, 7 ஷில்லிங். 15 ஆனால் அது 11 ஷில்லிங் 3 பென்ஸ், ஒரே ஜன்னலுக்கு 4 ஷில்லிங் 3 பென்ஸ் ஏற்றம். 19இல் 14 ஷில்லிங் 3 பென்ஸ், 20இல் முழுசாக ஒரு பவுண்ட். அந்த இருபதாவது ஜன்னலின் விலை 5 ஷில்லிங் 9 பென்ஸ், அதுவும் ஆண்டுதோறும்.

இந்த எண்களைப் பார்க்கும் எந்தக் குடும்பத் தலைவரும் செங்கல் வாங்கத்தான் போவார். பத்து ஜன்னல் உள்ளவர் ஒன்றை அடைத்தால் வருடம் 5 ஷில்லிங் மிச்சம், கூலிக்காரருக்கு அது பல நாள் சம்பளம். அடைத்தார்கள். புது வீடு கட்டியவர்கள் முதலிலேயே ஒன்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 2015இல் இதை எண்களாக்கிக் காட்டினார்கள். ஷ்ரோப்ஷயரில் உள்ள லட்லோ ஊரின் அந்தக் கால வரிப் பதிவேடுகளை எடுத்து, எத்தனை வீட்டில் எத்தனை ஜன்னல் என்று வரைபடம் போட்டால், 9, 14, 19 என்ற மூன்று எண்களில் வீடுகள் குவிந்து நிற்கின்றன. 10இலும் 15இலும் 20இலும் நிற்பவை மிகக் குறைவு.

ஒன்பதில் நின்ற வீட்டுக்காரரிடமிருந்து பத்தாவது ஜன்னலுக்காக அரசுக்கு ஒரு பென்னி வரவில்லை. அவருக்கோ ஓர் அறை இருண்டது. அவர் இழந்ததை யாரும் பெறவில்லை. வரியாகப் போகும் பணமாவது பொதுக் கஜானாவுக்குப் போகிறது, அதில் ஒரு கப்பலாவது மிதக்கும். இந்த இழப்பு எங்கும் போவதில்லை, வெறும் வீண் சுமை. ஓட்ஸும் ஷ்வாப்பும் இந்த வீண் சுமைக்கும் மதிப்புப் போட்டார்கள். எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் வசூலான வரியில் ஏழில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. எல்லைக் கோட்டில் நின்றுவிட்ட வீடுகளை மட்டும் எடுத்தால், அவர்கள் கட்டிய ஒவ்வொரு 100க்கும் மேலே 62 அளவுக்கு நஷ்டம். அதாவது வரி பெரிதாக இருந்ததால் அல்ல, படிக்கட்டாக இருந்ததால்.

இதற்கு மருந்து அன்றைக்கே தெரிந்திருக்கக்கூடியதுதான். முதல் ஒன்பது ஜன்னலுக்கு ஒன்றுமில்லை, பத்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று எழுதியிருந்தால் பத்தாவது ஜன்னலுக்கு 6 பென்ஸ்தான். ஆறு பென்ஸுக்காக யார் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள்? விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றி அதே தொகையை வசூலித்திருக்கலாம். ஆனால் சட்டம் எழுதுகிறவர்களுக்கு அடுக்கு முறைமேல் ஒரு மோகம். வாய்ப்பாடு போல ஒரு பலகையில் எழுதிவிடலாம், ஊர் வரிக்காரருக்குப் பெருக்கல் மட்டும் தெரிந்தால் போதும்.

அப்புறம் ஆரம்பித்தது விளையாட்டு. ஜன்னல் என்றால் என்ன? ஒரே மரச்சட்டத்தில் இரண்டு கண்ணாடி இருந்தால் ஒன்றா, இரண்டா? நடுவில் உள்ள பிரிவு 12 அங்குலம் இருந்தால் இரண்டு என்று விதி வந்தது. பால், பாலாடைக்கட்டி வைக்கும் அறைக்கு விலக்கு உண்டு, ஆனால் அது அந்த அறைதான் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். வரிக்காரர் வரும் நாளுக்கு முன் ஜன்னலை அடைத்து, அவர் தலை மறைந்ததும் திறந்துவிடுவது வழக்கமானது. அதிகாரிக்குச் சொல்லாமல் அடைத்த ஜன்னலைத் திறந்தால் 20 ஷில்லிங் அபராதம் என்று அதற்கும் ஒரு விதி போட்டார்கள். எந்த வரியும் தொடங்கும்போது ஒரு பக்கம்தான் இருக்கும், ஓட்டை அடைத்து ஓட்டை அடைத்துத்தான் புத்தகமாகிறது.

இதே காலத்தில் செங்கல் வரியும் இருந்தது, 1784இல் வந்தது. ஆயிரம் செங்கலுக்கு இவ்வளவு என்று விதித்தார்கள். சூளைக்காரர்கள் செங்கலைப் பெரிதாக்கிவிட்டார்கள், எண்ணிக்கை குறையுமே! பிறகு அளவுக்கு மேல் பெரிய செங்கலுக்கு இரட்டை வரி வந்தது. எண்ணப்படும் பொருளை மாற்றும் சக்தி வரி கட்டுபவரிடம் இருக்கும்வரை இந்தத் துரத்தல் ஓயாது.

மாற்ற முடியாத பொருளாகப் பார்த்து வரி போட்டால்? 1927இல் ஃபிராங்க் ராம்ஸி என்ற இளம் கேம்பிரிட்ஜ் அறிஞர் இதைக் கணிதமாகவே நிறுவினார். விலை ஏறினாலும் ஜனங்கள் வாங்குவதைக் குறைக்காத பொருளுக்கு அதிக விகிதம் போட்டால் வீண் சுமை குறையும் என்பது அதன் சாரம். சிக்கல் என்னவென்றால், வாங்குவதைக் குறைக்க முடியாத பொருள் பெரும்பாலும் ஏழைக்கும் வேண்டிய பொருளாகவே இருக்கிறது. உப்புதான் நல்ல உதாரணம். 1730இல் அன்றைய பிரதமர் ராபர்ட் வால்போல் உப்பு வரியை நீக்கினார், 1732இல் திரும்பக் கொண்டுவந்தார். நிலவரியைப் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங்காகக் குறைத்து நிலக்கிழார்களைக் குளிரவைக்க அந்தப் பணம் தேவைப்பட்டது. நிலத்தையும் யாரும் அடைத்து மறைக்க முடியாது, உப்பைப் போல அதுவும் ஓடிப்போகாத வரித்தளம்தான். இரண்டில் எது என்று தேர்ந்தெடுத்தவர்களிடம் நிலம் இருந்தது. கணிதம் அந்தத் தேர்வில் எந்த இடத்திலும் இல்லை.

அடைத்தவர் ஒருவர், மூச்சுமுட்டியவர் வேறொருவர்

படிக்கட்டு விகிதத்தைச் சீராக்கியிருந்தால் ஜன்னல் வரி நல்ல வரியாகியிருக்குமா? லட்லோ போன்ற ஊரில், குடியிருப்பவரே வரி கட்டும் தனி வீடுகளில், ஏறக்குறைய ஆகியிருக்கும். தொழில் நகரங்களில் ஆகியிருக்காது.

பல குடும்பங்கள் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் கட்டடத்தைச் சட்டம் ஒரே வீடாகத்தான் எண்ணியது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஜன்னல்தான் இருக்கும், ஆனால் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தால் 24, உச்ச விகிதம். தனி வீட்டைப் போல் அல்லாமல், இங்கே அதைக் கட்டவேண்டியவர் கட்டட உரிமையாளர். அவர் அங்கே தூங்குவதில்லை. ஜன்னலை அடைத்தால் மிச்சம் அவருக்கு, இருட்டும் புழுக்கமும் வாடகைதாரருக்கு. தன் வீட்டு ஜன்னலை அடைக்கிறவர் பணத்தையும் வெளிச்சத்தையும் எடைபோட்டுப் பார்த்துத்தான் அடைக்கிறார். இங்கே எடைபோட்டுப் பார்க்க ஆளே இல்லை. ஏழைகளுக்கு விலக்கு என்று சட்டம் சொன்னது, அந்த விலக்கு இந்த ஏழைகளைத் தொடவே இல்லை.

1781இல் கார்லைல் நகரில் டைஃபஸ் காய்ச்சல் பரவியது. அது எங்கே தொடங்கியது என்று தேடிப்போன மருத்துவர் ஜான் ஹெய்ஷம், ஏழைக் குடும்பங்கள் அரை டஜன் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த ஒரு வீட்டில் போய் நின்றார். வரியைக் குறைப்பதற்காக, அடைக்க முடிந்த ஜன்னலையெல்லாம் அடைத்துவைத்திருந்தார்கள். டைஃபஸைப் பரப்புவது பேன் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. ஆகவே ஜன்னல் வரிதான் அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வெளிச்சமும் காற்றும் இல்லாத அறையில் துணி காயாது, துப்புரவு நடக்காது, நோயாளி தேறமாட்டார். 1840களில் நகர சுகாதாரத்தை ஆராய்ந்த அரசுக் குழுக்கள் முன் மருத்துவர்களும் கட்டடக் கலைஞர்களும் இந்த வரியைத் திரும்பத் திரும்பக் குற்றம் சாட்டினார்கள்.

பொதுப்பண்டத்துக்குப் பணம் திரட்டப் போட்ட வரி, பொது சுகாதாரம் என்ற இன்னொரு பொதுப்பண்டத்தைத் தின்றது. வரவு கஜானாவில் எழுதப்பட்டது, செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

தேநீருக்குப் பதில் ஜன்னல்

எந்த வரியையும் தனியாக வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு 1784 நல்ல சான்று. அப்போது தேயிலைக்கு வரி 119 சதவீதம். பொருளின் விலையைவிட வரி அதிகம் என்றால் கடத்தல்காரனுக்குக் கொண்டாட்டம். கடற்கரை முழுக்கக் கடத்தல், நேர்மையாக வரி கட்டி விற்ற வியாபாரிகள் புலம்பினார்கள். அப்போதுதான் பிரதமராகியிருந்த இளைஞர் வில்லியம் பிட், வரியை ஒரே அடியில் 12.5 சதவீதமாக இறக்கினார். போகும் பணத்தை ஈடுகட்ட ஜன்னல் வரியை ஏற்றினார்.

தேயிலை படகில் ஏறி ராத்திரியில் கரை இறங்கும், ஜன்னலைக் கடத்த முடியாது. அந்த அளவில் கணக்கு சரி. முறைப்படி வரி கட்டி இறங்கிய தேயிலை ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. தேநீர் குடிக்காதவன் குடிக்கிறவனுக்காக ஏன் கட்ட வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அதைவிட எனக்கு உறுத்துவது அடுத்து நடந்தது. நெப்போலியனுடன் போர் மூண்டபோது தேயிலை வரி மறுபடி ஏறி ஏறி 100 சதவீதத்தை நெருங்கியது. அதற்கு ஈடாக ஏற்றிய ஜன்னல் வரி இறங்கவில்லை. ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று வந்தது, இரண்டுமாக நின்றது.

வருமானத்தை எங்கே எண்ணுவது

வசதியைக் காட்டும் பொருள்களுக்கு வரி போடும் யோசனை அதன் எல்லையைத் தொட்டது 1798இல். ஜன்னல், வண்டி, குதிரை, வேலையாள் என்று இருந்த வரிகளையெல்லாம் பிட் மடங்கு மடங்காக உயர்த்தினார். எதிர்பார்த்தது 45 லட்சம் பவுண்ட், வந்தது சுமார் 20 லட்சம். ஜனங்கள் வண்டியை விற்றார்கள், வேலையாளை நிறுத்தினார்கள், கணக்கைக் குறைத்துக் காட்டினார்கள். வேறு வழியின்றி 1799இல் வருமான வரி வந்தது. ஆண்டுக்கு 200 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு. அவரவர் தாமே சொன்ன கணக்குதான், எனவே எதிர்பார்த்த ஒரு கோடிக்குப் பதிலாக அறுபது லட்சம் அளவுக்கே வந்தது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத நாயகன் பிட்டுக்கு அடுத்து பிரதமரான ஹென்றி ஆடிங்டன். 1803இல் அவர் விகிதத்தைப் பாதியாக்கி 5 சதவீதம் ஆக்கினார், வசூல் ஏறத்தாழ அதே அளவில் நின்றது. முக்கியமாக மாற்றியது ஒன்றுதான். வருமானம் பெறுபவரிடம் போய்க் கேட்காமல், அதைக் கொடுப்பவரிடமே பிடித்தம் செய்யச் சொன்னார். வாடகை தருபவர், வட்டி தருபவர் வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். வருமானத்தை இனங்களாகப் பிரித்ததால் ஒருவரின் முழு வருமானம் எவ்வளவு என்று எந்த ஒரு அதிகாரிக்கும் தெரிய வேண்டியதும் இல்லை. வீட்டுக்குள் நுழையாமல் வசதியை எண்ண ஒரு புது இடம் கிடைத்துவிட்டது: பணம் கை மாறும் இடம். 1696இல் தெருவில் நின்று ஜன்னலை எண்ணியவர்கள் தேடியதும் இதைத்தான்.

ஆனாலும் ஜன்னல் வரி போகவில்லை. போர் முடிந்து 1816இல் ஒழிக்கப்பட்டது வருமான வரிதான். பணக்காரர்கள் அதைத்தான் வெறுத்தார்கள், அதன் பதிவேடுகளை அழிக்கவும் நாடாளுமன்றம் உத்தரவிட்டது. ஜன்னல் வரிக்கு அப்படியொரு அவசர எதிரி இல்லை. 1823இல் பாதியாகக் குறைந்தது, 1825இல் எட்டுக்குக் குறைவான ஜன்னல் உள்ள வீடுகளுக்கு விலக்குக் கிடைத்தது. அதற்கு அப்புறம் தனி வீட்டில் வாழ்ந்த சாதாரணக் குடும்பங்கள் தப்பித்துவிட்டன. மிஞ்சியது பெரிய வீட்டுக்காரர்களும் நெருக்கடிக் குடியிருப்புகளும். முதலாமவர்களால் கட்ட முடிந்தது, இரண்டாமவர்களுக்கு வாக்குரிமை இல்லை.

1851

1842இல் பிரதமர் ராபர்ட் பீல் வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 150 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவருக்குப் பவுண்டுக்கு 7 பென்ஸ். மூன்று ஆண்டுக்கு மட்டும் என்றார்கள், இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பணம் வரத் தொடங்கியதும்தான் பழைய வரிகளை விடும் தைரியம் வந்தது. கண்ணாடி வரி 1845இல் போனது, செங்கல் வரி 1850இல் போனது. அதே 1850 ஏப்ரலில் ஜன்னல் வரியை நீக்கக் கோரிய தீர்மானம் மூன்றே வாக்கில் தோற்றது. அத்தனை மருத்துவர் சாட்சியத்துக்குப் பிறகும்! அடுத்த ஆண்டு நிதி அமைச்சர் சார்ல்ஸ் வுட் தாமே அதை விட்டுக்கொடுத்தார். கஜானாவில் உபரி இருந்தது, மாற்று வரியும் தயாராக இருந்தது. நோயும் இருட்டும் இதற்கு எழுபது வருடம் முன்பே தெரிந்தவை, எனவே வரி போனதற்கு அவைதான் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பணம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்ற நிலை வந்தபோதுதான் வரி போனது.

மாற்றாக வந்தது குடியிருப்பு வீட்டு வரி. ஓட்டையை எண்ணாமல், ஸ்மித் முன்பே விரும்பியபடி, வீட்டின் வாடகை மதிப்பைப் பார்த்தது. குடியிருப்புக்குப் பவுண்டுக்கு 9 பென்ஸ், கடைக்கு 6. எண்ணுவதைவிட மதிப்பிடுவது சிரமம்தான். ஆனால் ஏழைகள் வரியை வசூலிக்க ஊர்தோறும் வாடகை மதிப்பு ஏற்கெனவே கணக்கிடப்பட்டு வந்தது, அதன்மேல் இதை ஏற்றிவிட்டார்கள். வாடகை மதிப்பை இரண்டு கூடை செங்கலால் குறைத்துவிட முடியாது. இந்த வரி 1924 வரை ஓடியது, நகைச்சுவைக்கு ஆளாகவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும். 20 பவுண்டுக்குக் குறைந்த வாடகை மதிப்புள்ள வீட்டுக்கு வரி கிடையாது. 20 ஆனதும் முழு இருபதுக்கும் உண்டு, அதாவது 15 ஷில்லிங். ஜன்னலை விட்டார்கள், படிக்கட்டை விடவில்லை. அந்தப் பழக்கம் பிரிட்டனில் அத்தோடும் போகவில்லை. வீடு வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை 2014 டிசம்பர் தொடக்கம்வரை இப்படித்தான் இருந்தது: 1,25,000 பவுண்டுக்கு மேல் 2,50,000 பவுண்ட் வரை முழு விலைக்கும் 1 சதவீதம், அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 3 சதவீதம். சரியாக 2,50,000க்கு வாங்கினால் 2,500 பவுண்ட் தீர்வை, இன்னும் ஒரு பவுண்ட் சேர்த்துக் கொடுத்தால் 7,500. விற்ற வீடுகளின் விலையை வரைபடம் போட்டுப் பார்த்தவர்களுக்கு, 2,50,000இல் ஒரு கூட்டமும் அதைத் தாண்டியதும் ஒரு வெற்றிடமும் கிடைத்தன. அதற்கு அப்புறம்தான் எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று விதியை மாற்றினார்கள்.